கண்ணுக்கு மருந்து செலுத்தும் முறைகளின் வரலாறு

கண் உடலின் வெளிப்புறத்தில், கைக்கு எட்டும் இடத்தில் அமைந்த உறுப்பு. ஆயினும் மருந்து சென்று சேர்வதற்கு மிகக் கடினமான உறுப்புகளுள் அதுவும் ஒன்று. கண்ணில் விடப்படும் ஒரு சொட்டு மருந்தில் பெரும்பகுதி சில நிமிடங்களில் கன்னத்தில் வழிந்தோ மூக்கின் வழியே இறங்கியோ போய்விடுகிறது. கண்ணின் உட்பகுதியை அடைவது பொதுவாக 5 விழுக்காட்டுக்கும் குறைவே. கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரைக்குப் போதிய அளவில் எதுவுமே சென்று சேர்வதில்லை எனலாம்.

பார்வையிழப்பைத் தடுக்கும் முயற்சியில் சரியான மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை மட்டுமே. அம்மருந்தை உரிய இடத்திற்குக் கொண்டு சென்று, போதிய நேரம் அங்கே தங்க வைப்பது மறுபாதி. கடந்த 150 ஆண்டுகளில் இதற்காக எடுக்கப்பட்ட ஒவ்வொரு முயற்சியும் ஒரு சிக்கலைத் தீர்த்து, பெரும்பாலும் புதியதொரு சிக்கலையும் கொண்டு வந்தது.

கண்ணின் அரண்கள்

கண்ணுக்குள் தூசியோ கிருமியோ நுழையாமல் காப்பதற்கு இயற்கை பல அரண்களை அமைத்துள்ளது. அவ்வரண்களுக்கு நஞ்சு எது, மருந்து எது என்று பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே தடுக்கின்றன.

முதல் அரண் இமையும் கண்ணீரும். இயல்பான நிலையில் கண்ணின் மேற்பரப்பில் இருக்கும் கண்ணீரின் அளவு சுமார் 7 மைக்ரோலிட்டர். இமைக்காமல் இருந்தால் கண் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர் வரை தாங்கும். ஆனால் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டின் அளவே 30 முதல் 50 மைக்ரோலிட்டர். எனவே முதல் சொட்டிலேயே ஒரு பகுதி வெளியே வழிந்துவிடுகிறது. இரண்டாவது சொட்டை உடனே விட்டால், அது முதல் சொட்டையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரு மருந்துகளுக்கிடையே 5 நிமிட இடைவெளி விடுமாறு மருத்துவர்கள் கூறுவது இதனால்தான்.

இரண்டாவது அரண் கார்னியா. கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல அமைந்த இப்படலத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அதன் வெளி அடுக்கு எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களை எளிதில் விடும். நீரில் கரையும் பொருள்களைத் தடுக்கும். நடு அடுக்கு அதற்கு நேர்மாறானது. ஆகவே எண்ணெயிலும் நீரிலும் ஓரளவு கரையும் மருந்தால் மட்டுமே இப்படலத்தை எளிதில் கடக்க முடியும்.

மூன்றாவது அரண் குருதிக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ளது. விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்களில் உள்ள உயிரணுக்கள் மிக நெருக்கமாகப் பிணைந்திருப்பதால், குருதியில் ஓடும் பல மருந்துகள் விழித்திரைக்குள் புகுவதில்லை. மாத்திரையாக விழுங்கினாலும் நரம்பில் ஏற்றினாலும் கண்ணுக்குள் போதிய அளவு சேர வேண்டுமானால் உடல் முழுவதும் அதிக அளவு மருந்தைச் சுமக்க வேண்டியிருக்கும்.

பழங்கால முறைகள்

கண்ணுக்கு மருந்திடும் பழக்கம் மிகத் தொன்மையானது. கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸ் சுவடியில் கண்நோய்களுக்கான மருந்துக் குறிப்புகள் பல உள்ளன. வடமொழியிலுள்ள சுசுருத சம்கிதை, கண்ணில் மருந்தைத் தாரையாக ஊற்றுதல், துளித்துளியாக விடுதல், கண்ணைச் சுற்றி மாவால் வரப்புக் கட்டி நெய்யைத் தேக்கி வைத்தல், மையாகத் தீட்டுதல் எனப் பல முறைகளைத் தனித்தனியே விவரிக்கிறது. தமிழ்ச் சித்த மருத்துவத்தில் கண்ணில் இடும் மருந்துக்குக் கலிக்கம் என்று பெயர்.

உரோமானியர் கண் மருந்தை உலர்ந்த குச்சிகளாகவும் வில்லைகளாகவும் செய்து, தேவைப்படும்போது நீரிலோ முட்டையின் வெண்கருவிலோ குழைத்து இட்டனர். மருந்தின் பெயரைக் குச்சியில் பதிக்கப் பயன்பட்ட கல் முத்திரைகள் நூற்றுக்கணக்கில் ஐரோப்பாவில் கிடைத்துள்ளன. இத்தாலியின் டஸ்கனி கடற்கரையருகே, கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலொன்றில் தகரச் சிமிழுக்குள் பாதுகாப்பாக இருந்த வில்லைகளை 2013-இல் ஆய்வாளர்கள் பகுத்தாய்ந்தனர். அவற்றில் துத்தநாகச் சேர்மங்கள் மிகுந்திருந்தன. அவை கண் மருந்தாக இருந்திருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

கண்ணில் ஊற்றிய மருந்து நிற்காது என்பதைப் பழங்கால மருத்துவர்களும் அனுபவத்தில் அறிந்திருந்தனர் என்பதற்கு மாவு வரப்பும் மையும் சான்றுகள். நெய்யைத் தேக்குவதும் மையைத் தீட்டுவதும் மருந்து கண்ணோடு நெடுநேரம் தொடர்பில் இருப்பதற்கான வழிகளே.

சொட்டு மருந்தின் எழுச்சி

19-ஆம் நூற்றாண்டில் தாவரங்களிலிருந்து தூய மருந்துப் பொருள்களைப் பிரித்தெடுக்கும் வேதியியல் வளர்ந்தது. அதன் பயனைக் கண் மருத்துவம் விரைவாகவே பெற்றது. ஒரு சொட்டு விட்ட சில நிமிடங்களில் கண்மணி விரிவதையோ சுருங்குவதையோ நேரில் பார்க்க முடியும் என்பதால், மருந்தின் விளைவை ஆராய்வதற்குக் கண் வசதியான உறுப்பாக இருந்தது.

இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவரைச் சோதிக்க ஒரு நச்சு விதையை உண்ணக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் அவ்விதை ஆராயப்பட்டது. 1863-இல் டக்ளஸ் ஆர்கைல் இராபர்ட்சன் என்னும் கண் மருத்துவர் அதன் சாற்றைத் தம் கண்ணிலேயே இட்டு, கண்மணி சுருங்குவதை நிறுவினார். 1876-இல் லுட்விக் லாக்கர் இவ்விதையிலிருந்து கிடைத்த பைசோஸ்டிக்மின் என்னும் பொருளைக் கண்நீர் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்குப் பரிந்துரைத்தார். அவரே அந்நோயால் பாதிக்கப்பட்டவர். அறுவையைத் தவிர வேறு வழியற்றிருந்த நோய்க்கு முதன்முறையாகச் சொட்டு மருந்து கிடைத்தது.

1884-இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்னும் இளம் மருத்துவர், கொக்கெயின் கரைசல் கண்ணை மரத்துப் போகச் செய்வதைக் கண்டார். முதலில் தவளையின் கண்ணிலும் பின்னர்த் தம் கண்ணிலும் சோதித்து, குண்டூசியின் நுனியால் தொட்டுப் பார்த்து உறுதி செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டிற்குச் செல்ல அவரிடம் பயணச் செலவுக்குப் பணம் இல்லை. அவருடைய கட்டுரையை வேறொரு மருத்துவர் வாசித்தார். விழித்திருக்கும் நோயாளிக்கு வலியின்றிக் கண்புரை அறுவை செய்யும் காலம் அதன் பின்னரே தொடங்கியது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்னும் மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தையின் கண்ணில் 2 விழுக்காடு வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலை ஒரு சொட்டு விடும் முறையை 1880-இல் தொடங்கினார். பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றும் கண்நோய் அம்மருத்துவமனையில் முன்பு சுமார் 10 விழுக்காடு குழந்தைகளைத் தாக்கியது. அது 1 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. இங்கு நோய் கண்ணின் மேற்பரப்பிலேயே இருந்தது. மருந்து உள்ளே ஊடுருவ வேண்டிய தேவையே இல்லை. ஒரே ஒரு சொட்டு போதுமானதாக இருந்தது அதனால்தான்.

1930-இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் சிசில் பெயின் என்னும் மருத்துவர், பென்சிலின் பூஞ்சையை வளர்த்த திரவத்தைக் கொண்டு பிறந்த குழந்தைகளின் கண் தொற்றைக் குணப்படுத்தினார். பென்சிலினால் நோய் குணமானதற்குக் கிடைக்கும் முதல் பதிவுகள் இவையே. இதுவும் மேற்பரப்பு நோயே.

சொட்டின் குறைகள்

கிளாக்கோமா போன்ற நாட்பட்ட நோய்களில் சொட்டு மருந்தின் குறைகள் வெளிப்படத் தொடங்கின. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பயன்பட்ட பைலோகார்பின் மருந்தை நாளொன்றுக்கு 4 முறை விட வேண்டும். விட்டவுடன் மருந்தின் அளவு உச்சத்திற்குப் போய், சில மணி நேரத்தில் அடிமட்டத்திற்கு வந்துவிடும். உச்சத்தில் பார்வை மங்கி, புருவத்தில் வலி எடுக்கும். கிளாக்கோமாவோ தொடக்கத்தில் வலியே இல்லாத நோய். வலியில்லாத நோய்க்குத் தொல்லை தரும் மருந்தை வாழ்நாள் முழுவதும் விடுவதில் பலர் தவறினர்.

1978-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிமோலால் பார்வையை மங்கச் செய்யாமல் கண்ணழுத்தத்தைக் குறைத்தது. நாளுக்கு ஒன்றிரண்டு முறை விட்டாலே போதும். ஆனால் கண்ணீர் நாளத்தின் வழியே மூக்குக்குள் இறங்கிய மருந்து, அங்கிருந்து கல்லீரலைத் தொடாமலே நேரடியாகக் குருதியில் கலந்தது. ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சுத்திணறலும் சிலருக்கு இதயத்துடிப்பு குறைதலும் ஏற்பட்டன. கண்ணில் விடும் ஒரு சொட்டு நுரையீரலையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது. சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்ணின் மூலையை விரலால் சில நிமிடங்கள் அழுத்திக்கொள்ளுமாறு கூறப்படுவது, இந்த வழியை அடைப்பதற்காகவே.

நேரத்தை நீட்டும் முயற்சிகள்

சொட்டின் குறையைத் தீர்க்க வந்த கருவிகளுள் முன்னோடியானது ஆக்குசெர்ட். அமெரிக்காவின் ஆல்சா நிறுவனம் உருவாக்கிய இந்த மெல்லிய தகடு 1974-இல் ஒப்புதல் பெற்றது. இமைக்கு அடியில் வைத்துக்கொண்டால், இரு நெகிழிப் படலங்களின் நடுவிலிருந்து பைலோகார்பின் மணிக்கு 20 அல்லது 40 மைக்ரோகிராம் என்ற சீரான அளவில் 7 நாட்கள் கசியும். நாளுக்கு 4 முறை செய்த வேலை வாரத்திற்கு ஒரு முறையாகியது. மருந்தியல் நோக்கில் இது பெரிய வெற்றி. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். தகட்டை இமைக்குள் பொருத்துவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது. உறக்கத்தில் அது வெளியே விழுந்தாலும் தெரியவில்லை. பின்னாளில் அது சந்தையிலிருந்து மறைந்தது.

அடுத்த பெரிய முன்னேற்றம் மருந்தின் மூலக்கூறிலேயே செய்யப்பட்ட மாற்றத்தால் வந்தது. 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற லட்டனோப்ரோஸ்ட், கார்னியாவின் எண்ணெய் அடுக்கைக் கடக்கத்தக்க வடிவில் அமைக்கப்பட்டது. கடக்கும்போது கார்னியாவிலுள்ள நொதிகள் அதன் ஒரு பகுதியை வெட்டி நீக்க, செயல்படும் மருந்து உள்ளே வெளிப்படுகிறது. தடையாக இருந்த படலமே மருந்தை ஆக்கும் இடமாயிற்று. ஒரு சொட்டில் இருப்பது ஏறத்தாழ 1.5 மைக்ரோகிராம் மருந்துதான். நாளுக்கு ஒரு முறை, இரவில் விட்டால் போதும். எனினும் அந்த ஒரு முறையும் நோயாளியின் நினைவையும் நடுங்காத கையையும் நம்பியே இருந்தது.

விழித்திரைக்கு வழி

விழித்திரையின் நிலை வேறு. அதை எந்தச் சொட்டு மருந்தும் போதிய அளவில் எட்டவில்லை. கண்ணின் உட்புறத்தை நிறைத்துள்ள விட்ரியஸ் என்னும் கூழுக்குள் ஊசியால் நேரடியாகச் செலுத்தும் எண்ணம் பழையது. விலகிய விழித்திரையை ஒட்டவைக்க 1911-இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஓம் கண்ணுக்குள் காற்றைச் செலுத்தினார். 1940-களில் பென்சிலினும் இவ்வாறு செலுத்திப் பார்க்கப்பட்டது. ஆயினும் கண்ணுக்குள் ஊசி போடுவது நெடுங்காலம் வேறு வழியில்லாதபோது செய்யும் செயலாகவே கருதப்பட்டது.

எய்ட்ஸ் பரவிய 1980-களில் நிலைமை மாறத் தொடங்கியது. நோயெதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் விழித்திரையை சைட்டோமெகலோ வைரசு அரித்து, குருடாக்கியது. கன்சிக்ளோவிர் மருந்தை நெஞ்சுக்கருகே பெரிய சிரையில் பொருத்திய குழாயின் வழியே நாள்தோறும் ஏற்ற வேண்டியிருந்தது. அது குருதியணுக்களைக் குறைத்தது. குழாயின் வழியே தொற்றும் ஏற்பட்டது. 1996-இல் ஒப்புதல் பெற்ற விட்ராசெர்ட் என்னும் சிறு குளிகையை அறுவை மூலம் கண்ணுக்குள் பொருத்தினால், 5 முதல் 8 மாதங்கள் வரை மருந்து கசிந்தது. ஆனால் அது பொருத்திய கண்ணை மட்டுமே காத்தது. மற்றக் கண்ணையும் உடலையும் காக்கவில்லை. அக்காலத்திலேயே எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகள் வந்ததால் இதன் தேவை குறைந்தது. எனினும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே சேமித்து வைக்கலாம் என்பதை அது நிறுவிக் காட்டியது.

ஊசியும் விலையும்

முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதைவதும், நீரிழிவால் விழித்திரை வீங்குவதும் பார்வையிழப்பின் முக்கியக் காரணங்கள். இரண்டிலும் குருதிக் குழாய்களை வளரவும் கசியவும் தூண்டும் வி.இ.ஜி.எப். என்னும் புரதத்திற்குப் பங்குண்டு. இதனை 1989-இல் நெப்போலியன் பெராரா தலைமையிலான குழுவினர் பிரித்தெடுத்தனர். இப்புரதத்தைத் தடுக்கும் எதிர்ப்புரதமான பெவாசிசுமாப் 2004-இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. கண்ணுக்கெனத் தனியே உருவாக்கப்பட்ட ரானிபிசுமாப் 2006-இல் வந்தது. மாதந்தோறும் 0.05 மில்லிலிட்டர் மருந்தை மெல்லிய ஊசியால் விட்ரியசுக்குள் செலுத்தினால், பலருக்குப் பார்வை இழப்பு நின்றது. சிலருக்கு இழந்த பார்வையும் ஓரளவு மீண்டது.

ரானிபிசுமாப் ஒரு தவணைக்கு அமெரிக்காவில் சுமார் 2,000 டாலர் ஆனது. இதற்கிடையே 2005-இல் மயாமி நகரின் பிலிப் ரோசன்பெல்ட் என்னும் மருத்துவர், புற்றுநோய்க்கான பெவாசிசுமாப் மருந்தைச் சிறு அளவில் கண்ணுக்குள் செலுத்திப் பயன் கண்டார். ஒரு பெரிய குப்பியைப் பல சிறு ஊசிகளாகப் பிரித்துக்கொள்ள முடிந்ததால் ஒரு தவணைக்குச் சுமார் 50 டாலரே ஆனது. இரண்டும் சமமா என்ற கேள்விக்கு விடை காண, அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் சுமார் 1,200 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தியது. ஒரே கால இடைவெளியில் கொடுத்தால் இரண்டும் பார்வையைச் சமமாகவே காக்கின்றன என்ற முடிவு 2011-இல் வெளியானது. வசதி குறைந்த நாடுகளில் இச்சிகிச்சை பரவ இது பெரிதும் உதவியது.

ஊசியின் சுமை மட்டும் நீங்கவில்லை. சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றில் கண்ணுக்குள் கடுந்தொற்று ஏற்படலாம். மாதந்தோறும் மருத்துவமனைக்கு வர வேண்டும். முதியவருடன் வீட்டில் ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். இதைக் குறைக்க, கண்சுவரில் பொருத்தி 6 மாதங்களுக்கு ஒருமுறை மருந்தை நிரப்பும் சிறு கலம் அமெரிக்காவில் 2021-இல் ஒப்புதல் பெற்றது. மாதாந்திர ஊசியைவிட அதில் உட்கண் தொற்று 3 மடங்கு மிகுதி என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. மருந்து நிரப்பும் வாயில் ஏற்பட்ட பழுதால் 2022-இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தப்பட்ட வடிவில் 2024-இல் மீண்டும் வந்தது.

மதுரை ஆய்வு

புதிய முறையோ நன்றாக ஊடுருவும் மருந்தோ எப்போதும் மேலானது என்று கொள்ள முடியாது என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு சான்று. வயல்வேலையின்போது நெல் தாளோ மண்ணோ கண்ணில் பட்டுக் கார்னியாவில் பூஞ்சைப் புண் உண்டாவது தென்னிந்தியாவில் மிகுதி. இதற்குப் பழைய மருந்து நாட்டாமைசின். அது நீரில் கரையாது, கலங்கலாகவே இருக்கும், கார்னியாவை எளிதில் ஊடுருவாது. வோரிகோனசோல் நன்கு ஊடுருவும் புதிய மருந்து. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகள் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டன.

2013-இல் வெளியான முடிவுகளின்படி, பழைய நாட்டாமைசினே சிறந்த பார்வையைத் தந்தது. குறிப்பாக பியுசேரியம் வகைப் பூஞ்சைக்கு அதன் மேன்மை தெளிவாகத் தெரிந்தது. புண்ணான இடத்தில் கார்னியாவின் வெளி அடுக்கு ஏற்கெனவே சிதைந்திருக்கும். கலங்கலிலுள்ள துகள்கள் அப்புண்ணின் மேல் ஒட்டித் தங்கும். அத்துகள்கள் அடியில் படிந்துவிடுவதால், குப்பியை நன்றாகக் குலுக்கிய பின்னரே விட வேண்டும்.

வாய்வழி சென்ற மருந்து

கண்நோய்க்குக் கண்ணில்தான் மருந்திட வேண்டும் என்பதும் இல்லை. ட்ரக்கோமா என்னும் தொற்று ஏழை ஊர்களில் இமையின் உட்புறத்தைத் தழும்பாக்கி, மயிர்களை உள்நோக்கி வளைத்து, அவை உராய்ந்தே கண்ணைக் குருடாக்கும். இதற்கு டெட்ராசைக்ளின் களிம்பை நாளுக்கு 2 முறை, 6 வாரங்கள் இட வேண்டும். அழும் குழந்தையின் கண்ணில் இத்தனை முறை களிம்பு இடுவது எந்தத் தாய்க்கும் எளிதன்று. அசித்ரோமைசின் மருந்தை ஒரே ஒரு தவணை வாய்வழிக் கொடுத்தால் அதே பயன் கிடைக்கும் என்று 1990-களில் தெரிந்தபின், ஊர் முழுமைக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்க முடிந்தது. முகத்தூய்மை, நல்ல நீர், கழிப்பிட வசதி, இமை அறுவை ஆகியவற்றோடு இம்முறையை உலக நலவாழ்வு அமைப்பு முன்னெடுத்தது. பொதுநலச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ட்ரக்கோமாவை ஒழித்த நாடாக இந்தியாவை அவ்வமைப்பு 2024 அக்டோபரில் அறிவித்தது.

தூய்மை என்னும் நிபந்தனை

கண் மருந்துக் குப்பியைத் திறந்தபின் கிருமி வளராமல் தடுக்கப் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற காப்புப்பொருள் சேர்க்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும்போது அதுவே கண்ணின் மேற்பரப்பை அரித்து உறுத்தலை உண்டாக்கும். எனவே காப்புப்பொருள் இல்லாத மருந்துகள் வந்தன. அவற்றை ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குழல்களிலோ, வெளிக்காற்று உட்புகாத தனிவகைக் குப்பிகளிலோ அடைக்க வேண்டும்.

இக்கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 காட்டியது. தமிழ்நாட்டிலுள்ள ஓர் ஆலையில் செய்யப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட காப்புப்பொருளற்ற செயற்கைக் கண்ணீருடன், மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாசு பாக்டீரியாத் தொற்று தொடர்புபடுத்தப்பட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். 14 பேர் பார்வை இழந்தனர், 4 பேரின் கண்விழி அகற்றப்பட்டது, 4 பேர் உயிரிழந்தனர். வறண்ட கண்ணின் உறுத்தலைத் தணிக்க வாங்கிய, மருத்துவர் சீட்டுக்கூடத் தேவையில்லாத சொட்டு அது.

இன்றைய நிலை

இமைத் துளையில் செருகும் மருந்துக் குச்சிகள், ஒவ்வாமை மருந்து கசியும் தொடுவில்லை, கண்ணுக்குள் கரையும் கிளாக்கோமாக் குளிகை ஆகியவை 2018 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுள்ளன. மரபுவழிப் பார்வையிழப்பு ஒன்றுக்கு, குறையுள்ள ஆர்.பி.இ.65 மரபணுவின் நல்ல படியை விழித்திரைக்கு அடியில் ஒரே முறை செலுத்தும் சிகிச்சை 2017-இல் ஒப்புதல் பெற்றது. இரு கண்களுக்கும் சேர்த்து அதன் விலை 8,50,000 டாலர் என அறிவிக்கப்பட்டது.

நாள்தோறும் விடும் சொட்டில் மருந்தை உரிய நேரத்தில் சேர்க்கும் பொறுப்பு நோயாளியின் கையில் இருந்தது. அப்பொறுப்பு தகட்டுக்கும், மூலக்கூறுக்கும், மருத்துவரின் ஊசிக்கும், கண்ணுள் தங்கும் கலத்துக்கும் படிப்படியாக மாறி வருகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் நோயாளியின் சுமை குறைந்தது. விலை, தொற்று, மருத்துவமனையைச் சார்ந்திருத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று கூடியது. உலகின் பெரும்பாலான கண் நோயாளிகள் இன்றும் பயன்படுத்துவது சொட்டு மருந்தையே. கை கழுவுதல், குப்பியின் முனை கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு விடுதல், கண்ணை மூடி மூலையை அழுத்துதல், அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் காத்திருத்தல் என்னும் எளிய நடைமுறைகள் அவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றங்கள் ஆகும்.